உப்புப் போகும்வரை

1

அந்தக் கிழமையோடு நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம். ஊரென்றால் பால் காய்ச்சியாவது அந்த நாளைக் கொண்டாடியிருப்போம். நானோ அன்று காலை ஆறரை மணிக்கு, குசினித் தொட்டிக்குக் கீழே முழங்காலில் நின்று, கையில் டோர்ச் லைற்றோடு, ஓர் இரும்பு உருளையை நல்ல தமிழில் ஏசிக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த உருளையை முதலில் விளங்கப்படுத்த வேண்டும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. திரைந்த பால் மாதிரி மேலே மிதக்கும். கேத்தலுக்குள் வெள்ளையடித்ததுபோலப் படை கட்டும். இதை இவர்கள் 'கடினத் தண்ணீர்' என்கிறார்கள். தண்ணீர் எப்படிக் கடினமாக இருக்கும் என்று என் மனைவி பூரணம் கேட்டதற்கு நான் கேத்தலைத் திறந்து காட்டினேன்.

எங்களுக்கு முன்பு இந்த வீட்டில் இருந்த வயதான வெள்ளைக்கார அம்மா இதற்கு மருந்தாகத்தான் அந்த உருளையைப் பொருத்தி வைத்திருந்தார். அதன் வயிற்றுக்குள் மணல் போன்ற குருணி. தெருக்குழாயில் வரும் தண்ணீர் குருணிக்குள்ளால் போகும்போது, அதிலுள்ள சுண்ணாம்பைக் குருணி பிடித்து வைத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, உள்ளே உப்பைக் கொட்டி, தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். உப்பு, பிடித்து வைத்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு கழிவுக் கானுக்குள் போய்விடும். உப்பு முழுவதும் போனபிறகு குழாயைப் பூட்டினால் அடுத்த கிழமை வரைக்கும் நல்ல தண்ணீர் வரும்.

வரவேண்டும். எங்களுக்கு வரவில்லை. சனிக்கிழமை காலை உப்புப் போட்டால் அன்று பின்னேரமே சவர்க்காரம் திரையும்.

சவர்க்காரம் திரைந்தால் திரையட்டும் என்று விட்டிருப்பேன். எங்கள் மகள் மலருக்கு ஆறு வயது. இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அவளுடைய முழங்கால்களுக்குப் பின்புறம் தோல் சிவந்து, பிறகு வெடிக்கத் தொடங்கியது. இரண்டு கால்களிலும் அப்படி. பள்ளிக்கூடத்தில் கால் மடித்து இருக்க மாட்டாள். டொக்டர் களிம்பு எழுதித் தந்தார். களிம்பு மட்டும் காணாது, சுண்ணாம்பில்லாத மென்மையான தண்ணீரில் குளிக்க வார்த்தால் ஆறும் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அந்த இரும்பு உருளை எங்கள் வீட்டில் நாலாவது ஆளாகிவிட்டது.

2

திருத்துவதா, மாற்றுவதா? ஏழு மாதமாக எனக்கு இதுதான் யோசனை.

இங்கே யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கிறார்கள். நான் வேலை செய்வது தபாற் கந்தோரில், கடிதம் தரம் பிரிக்கும் பகுதியில். எனக்கு வலப்பக்கம் நிற்பவர் திருத்து என்றார். இடப்பக்கம் நிற்பவர் தூக்கி எறி என்றார். இரண்டு பேர் வீட்டிலும் அப்படி ஒரு உருளை இல்லை. புதியதை விற்கும் கடைக்குப் போனேன். அங்கே நின்ற கழுத்துப்பட்டிக்காரர், உங்களிடம் இருப்பதற்குப் பென்சன் கொடுக்கும் வயது தாண்டிவிட்டது என்று சொல்லி, பளபளக்கும் படம் ஒன்றைக் கையில் தந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குளியல் தொட்டி நிறைய நுரையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் இந்தக் கேள்வியே எழாது. அக்கராயனில் என் தகப்பனாரிடம் ஒரு மண்ணெண்ணெய்ப் பம்பு இருக்கிறது. அதில் மாற்றாத உறுப்பு என்று சொல்ல அதன் பெயர்த் தகடு ஒன்றுதான் மிச்சம். எதையாவது மாற்றுவதென்றால் அதைத் திருத்தக்கூடியவன் செத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்த எனக்குப் புதிய உருளை வாங்கக் கை வரவில்லை. ஆனபடியால் உருளையைச் செய்த கம்பனிக்கு, ஆள் அனுப்பச் சொல்லி எழுதினேன்.

முதலில் ஒரு படிவம் வந்தது. அதில் குடும்பப் பெயர் என்று கேட்டிருந்தார்கள். குடும்பத்தின் பெயர் என்றால் தகப்பன் பெயர்தானே என்று நினைத்து 'கந்தையா' என்று நிரப்பிவிட்டேன். அன்றிலிருந்து கம்பனி சிவபாதமாகிய என்னோடு பேசுவதில்லை. என் தகப்பனாரோடுதான் பேசுகிறது. அன்புள்ள திரு. கந்தையா, தங்கள் உருளை எங்கள் ஏட்டில் வேறொருவர் பெயரில் உள்ளது. அன்புள்ள திரு. கந்தையா, முந்திய உரிமையாளரின் கையொப்பம் இல்லாமல் எங்கள் ஆள் அதைத் திறக்க முடியாது. அக்கராயன் குளத்துக்குக் கீழே உழுதுகொண்டிருக்கும் மனிதர், தன் பெயரில் லண்டனில் இப்படி ஒரு வழக்கு நடப்பது தெரியாமல் இருக்கிறார். அந்த வெள்ளைக்கார அம்மாவோ மகனோடு எங்கோ கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். நாளுக்கு ஆயிரக்கணக்கான விலாசங்களைப் பார்க்கிற எனக்கு, அவருடைய விலாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் போய்விட்டது.

3

பூரணத்துக்கும் எனக்கும் தண்ணீர் விஷயத்தில் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் அக்கராயன். எங்களுக்குக் குளத்துத் தண்ணீர். மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. வந்தால் அது தண்ணீர்தான், அதில் நல்லது கெட்டது என்று பிரித்துப் பார்த்ததில்லை. பூரணம் முரசுமோட்டை. அதிலும் அவர்களுடைய காணி வாய்க்காலின் கடைசித் துண்டு. அதற்கு அப்பால் உவர் வெளி, அதற்கு அப்பால் கடல்நீரேரி. அங்கே ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் தருவார்கள். நாங்கள் குடித்து முடிக்கும் வரைக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று செம்பில் தந்த தண்ணீரை நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். எப்படி இருக்கிறது என்று மாமனார் கேட்டார். தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றேன். மாப்பிள்ளைக்கு நாக்கு இல்லை என்று அவர் பிறகு சொன்னாராம். பூரணம் இதை இங்கே வந்தும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவள் முன்னால் நான் முதல் சனிக்கிழமை மூடியைக் கழற்றி உப்பைக் கொட்டியபோது, அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். குடிக்கிற தண்ணீருக்குள் உப்பா என்று கேட்டாள். நான் வெள்ளைக்கார அம்மா விட்டுப்போன குறிப்பை வாசித்துக் காட்டினேன். இருபது நிமிஷம் கழுவ விடவும், உப்புக் கரிப்பு நின்றதும் பூட்டவும் என்று அதில் இருந்தது. சனிக்கிழமைகளில் எனக்கு ஏழரைக்கு வேலை. ஆகவே உப்பைப் போட்டுத் தண்ணீரைத் திறப்பது நான், பூட்டுவது அவள் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்தக் கதையே எங்களுக்குள் வரவில்லை.

4

அந்த மாதந்தான் பூரணத்தின் தமையனிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளையின் காலைப் பற்றி அவள் எழுதியிருந்திருக்கிறாள். இங்கே கொண்டுவா, வேப்பிலை அவித்து வார்த்தால் பத்து நாளில் மாறும், பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார்.

பள்ளிக்கூடம் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். பத்து நாள் வைத்தியத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

ஆனால் அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே பூரணம் கப்பற் கந்தோருக்குப் போய் வந்திருந்தாள். பஸ்ஸில் தனியாகப் போகப் பயப்படுகிறவள், மலரையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறாள். தனக்கும் பிள்ளைக்குமாக இரண்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். வருகிற மாதக் கடைசிக்குள் உறுதி சொல்ல வேண்டும் என்ற கடிதம் வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரியும்.

கேட்டேன். அவள் அரிசி கழுவிக்கொண்டே சொன்னாள்.

"பிள்ளையைக் கொண்டு நான் ஊருக்குப் போறன். நீங்கள் ஆறுதலா மெசினைப் பாருங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம்தான் கூட. அடுத்த தெருவில் ஒரு வவுனியாக்காரர் இருக்கிறார். அவருடைய மனைவி தாய்க்குச் சுகமில்லை என்று ஆறு மாதம் போய்வருவதாகப் போனவர். இப்போது மூன்று வருஷம். அவர் சனி, ஞாயிறு என்றால் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் இருப்பார். ரேடியோ போட்டால் கேட்பார், போடாவிட்டாலும் எழும்ப மாட்டார். போகும்போது, சமைத்த வாசத்துக்குத்தான் வந்தேன் என்பார். நான் அந்தக் கதிரையில் என்னை வைத்துப் பார்த்தேன்.

மலருக்கு இதெல்லாம் விளையாட்டு. கப்பலில் நீச்சல் தொட்டி இருக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் கேள் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கேட்கவில்லை என்று அதையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எனக்கு ஒன்றரை மாதம் இருந்தது. உருளை சரிவந்தால் கால் ஆறும். கால் ஆறினால் போவதற்கு முகாந்தரம் இல்லை. நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். வெள்ளைக்கார அம்மாவின் கையொப்பத்தோடு கம்பனிக்கு மூன்றாவது கடிதம் எழுதி, அடியில் அவசரம் என்று இரண்டு கோடு போட்டேன். இந்தமுறையும் வராவிட்டால் கழுத்துப்பட்டிக்காரரிடம் போய்ப் புதியதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

5

ஆள் வந்தே விட்டார். ஹாரிஸ் என்று பெயர். அறுபது வயதிருக்கும், மெலிந்த, ஆறுதலான மனிதர். கதவைத் திறந்ததும் திரு. கந்தையா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். அவர் வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, நான்தான் என்றேன்.

உருளையைத் தட்டிப் பார்த்தார். மூடியைக் கழற்றி, குருணியில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். ஒரு வாஷரை மாற்றினார். பிறகு உப்பைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார். இருபது நிமிஷம் ஆனதும் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். குழாயைப் பூட்டினார். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, அதில் தண்ணீர் பிடித்து, சவர்க்காரத் திரவம் நாலு சொட்டு விட்டுக் குலுக்கினார். போத்தலுக்குள் வெள்ளை நுரை எழும்பி அப்படியே நின்றது. இந்த வீட்டில் நான் கண்ட முதல் நுரை அதுதான்.

உருளையில் ஒரு குறையும் இல்லை என்றார். இன்னும் பல வருஷம் ஓடும், புதியது வாங்கச் சொன்னவன் விற்கிறவனாக இருப்பான் என்றார். ஏழு மாதம், மூன்று கடிதம், ஒரு கையொப்பம் எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு வாஷர். அப்படியானால் ஏன் ஒரு நாளும் தங்குவதில்லை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்ற பூரணத்தைப் பார்த்து, குழாயைப் பூட்டுவது நீங்களா என்று கேட்டார். மலர் தாய்க்கு மொழிபெயர்த்தாள். பூரணம் தலையாட்டிவிட்டு வந்து, குழாயைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"இன்னும் உப்பு இருக்கு," என்றாள்.

ஹாரிஸ் மறுபடி வைத்துப் பார்த்தார். இல்லை என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் விடுவீர்கள் என்று அவர் கேட்டார்.

"மத்தியானம் வரைக்கும் விடுறனான். சோறு வடிக்கிற நேரம்தான் உப்புச் சரியாப் போகும்."

மலர் அதைத் தெருப்பிள்ளைகள் பேசும் ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்து ருசி பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று தானாக ஒன்றையும் சேர்த்தாள். என் வீட்டுக் கதையை நான் என் பிள்ளையிடமிருந்து இங்கிலீஷில் தெரிந்துகொண்டேன்.

ஹாரிஸ் சிரிக்கவில்லை. ஐந்து மணித்தியாலம் சுண்ணாம்புத் தண்ணீர் ஓடினால் குருணி மறுபடி நிரம்பிவிடும், நீங்கள் குழாயைப் பூட்டும்போதே அடுத்த உப்புக்கு அது காத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். பிறகு பின்கதவடியில் இருந்த சின்னக் குழாயைக் காட்டி, அதை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நிலம் கழுவத் தண்ணீர் பிடிக்கிறோம் என்றேன். அந்தத் தண்ணீர் உருளைக்குள்ளால் வருவதில்லை, முன்பு இருந்த அம்மா குடிப்பதற்கு வைத்திருந்தது அதுதான் என்றார். ஒரு வருஷமாக நாங்கள் குடிக்கிற தண்ணீரால் நிலம் கழுவியிருக்கிறோம். குளிக்கிற தண்ணீரைக் குடித்திருக்கிறோம்.

அவர் போய்க் கதவு சாத்தியதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏழு மாதம் நான் நாயாய் அலைந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிள்ளையின் கால் வெடித்ததையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கடைசியில், "இவ்வளவு நாளும் இதைச் சொல்லாமல் வைச்சிருந்தனீரோ?" என்று கேட்டேன்.

"என்னை ஆர் கேட்டது? நீங்கள் மெசினைத்தானே விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்," என்றாள் பூரணம்.

சொல்லிவிட்டு மலரின் கால்களுக்குக் களிம்பு பூசப் போய்விட்டாள்.

6

அன்று பின்னேரம் அவளாகவே அந்தக் கதையைச் சொன்னாள். கலியாணமாகி எட்டு வருஷம். எனக்கு அது புதிதாக இருந்தது.

அவர்களுடைய கடைசித் துண்டுக் காணியில் கோடையில் உவர் மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். விதைப்பதற்கு முன்பு வாய்க்கால் தண்ணீரை நிறையக் கட்டி, ஊறவிட்டு, வரம்பை வெட்டி வடிய விடுவார்கள். பிறகு மறுபடி கட்டி மறுபடி வடிப்பார்கள். வடிகிற வாயில் மாமனார் குந்தியிருந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைப்பார். பிள்ளைகளில் நாக்குக் கூர்மையானவள் பூரணம் என்பதால் அவளையும் கூப்பிடுவார். இரண்டு நாக்கும் இல்லை என்று சொன்னால்தான் விதைப்பு.

ஒரு வருஷம் தண்ணீர் குறைவு. பங்கிட்டு விடுவதற்கு வந்த ஓவர்சியர், இரண்டு தரம் வடித்தால் காணும், உமக்குரிய நேரம் முடிந்தது என்று மணிக்கூட்டைப் பார்த்துத் தண்ணீரை மறித்துவிட்டார். பூரணம் இன்னும் கரிக்கிறது என்று சொன்னாளாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் நாக்கா, அரசாங்கத்து மணிக்கூடா? மாமனார் விதைத்தார். பயிர் முழங்கால் உயரத்துக்கு வந்து, நுனி கருகி, பிறகு வைக்கோல் நிறத்தில் நின்றபடி செத்தது. அந்தப் போகம் வீட்டுக்கு ஒரு மூட்டை வரவில்லை. அடுத்த தைமாதம் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்து, பிறத்தியார் வயலில் நாற்று நட அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் படிக்கவில்லை.

"இருவது நிமிசம் எண்டு எழுதி வைச்சிருக்கு எண்டு நீங்கள் வாசிக்கேக்கை எனக்கு அந்த ஓவர்சியரின்ரை மூஞ்சைதான் தெரிஞ்சது," என்றாள். "குடிக்கிறது என்ரை பிள்ளை. நான் எப்பிடிப் பூட்டுறது?"

சொல்ல இருந்ததெல்லாம் காலையிலேயே கத்தித் தீர்த்துவிட்டேன். இனிக் குடிப்பதற்கு அந்தச் சின்னக் குழாய் இருக்கிறதே என்றேன். அவள் எழுந்துபோய் அதில் ஒரு கிளாஸ் பிடித்து வந்து, வாயில் வைத்து, கண்ணை மூடி ருசித்தாள். சுண்ணாம்பு கிடக்கிறது, ஆனால் உப்பு இல்லை என்றாள். குளிக்கிறதுக்கென்றால் இருபது நிமிஷம் காணும் என்று அவளே தீர்ப்பும் சொன்னாள்.

7

மூன்று கிழமையில் மலரின் கால் காய்ந்தது. நாலாவது கிழமை பள்ளிக்கூடத்தில் கால் மடித்துச் சப்பாணி கட்டி இருந்ததாக வந்து சொன்னாள். நான் உடனே கப்பற் கந்தோருக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். தங்கள் கப்பலில் பிடித்த இரண்டு இடங்களும் தேவையில்லை என்று. மாதம் முடிய நாலு நாள் இருந்தது. கையொப்பம் இடச் சொல்லிப் பூரணத்திடம் கொண்டுபோனேன்.

கொண்டுபோகும் வழியிலேயே எனக்கு உறைத்தது. அவளைக் கேட்காமல் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். கடிதத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நீர் என்ன நினைக்கிறீர்? போகப் போறீரோ?" என்று கேட்டேன்.

அவள் கையை நீட்டினாள். நான் தட்டச்சு செய்ததை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

"இது என்ரை பேரிலை பிடிச்ச இடம். நான் எழுதுறன்."

அன்று பின்னேரம் மலரைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக் கேட்டுக் கேட்டு, பென்சிலால் ஒருமுறையும் பேனையால் ஒருமுறையும் எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. மலரைக் கேட்டேன், அது இரகசியம் என்றாள், அதிசயமாகத் தமிழில். காலையில் பூரணமே கொண்டுபோய்த் தபாற்பெட்டியில் போட்டாள். உறுதி என்று எழுதினாளோ, வேண்டாம் என்று எழுதினாளோ எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு நாளும் வேலையில் என் கைக்கு வந்த ஆயிரமாயிரம் உறைகளில் அவளுடைய கையெழுத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். லண்டனில் எத்தனை தரம் பிரிக்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்த நான் செய்த வேலை அது. மேற்பார்வையாளர் இரண்டு தரம் வந்து, உடம்புக்குச் சுகமில்லையா என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து மறுமொழி வந்தது. உறையில் திருமதி பூரணம் சிவபாதம் என்று ஓர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது. அவள் அதைப் பிரித்து, வரிக்குக் கீழே விரல் வைத்து மெல்ல வாசித்து, பிறகு என்னிடம் நீட்டினாள். நான் வழக்கம்போல அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்: தங்கள் கடிதம் கிடைத்தது, தங்கள் கணவர் இங்கே தனியாக இருக்க நேரும் என்ற காரணத்தால் தாங்கள் கேட்டுக்கொண்டபடி, இரண்டு இடங்களும் இரத்துச் செய்யப்பட்டுள்ளன.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. நான் 'தனியாக' என்ற சொல்லுக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தேன்.

"நான் எழுதினது எனக்குத் தெரியும்," என்றாள் பூரணம். "நீங்கள் வாசிச்சாக் காணும்."